கடைசி ஆள் இருக்கும்வரை

முலுண்ட் மேற்கில், பஞ்ச ரஸ்தா பக்கம் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினால் ஒரே தளத்தில் நாலு மொழி காதில் விழும். ஒரு கதவுக்குப் பின்னால் குஜராத்தி, எதிர்க் கதவில் மராத்தி, பக்கத்தில் தமிழோ மலையாளமோ, மூலை வீட்டில் தெலுங்கு. மும்பை மாநகராட்சியின் எல்லை இந்தப் பேட்டையோடு முடிகிறது; அடுத்த ரயில் நிலையம் தானே. வேலை தேடி இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஆளுக்கொரு மொழியைக் கூடவே கொண்டுவந்தார்கள். அந்த நாலு வீட்டுக்காரர்களும் அரசியல் சாசனத்தின் முகப்புரையை அவரவர் மொழியில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சொல்லில் மட்டும் ஆளுக்கொரு திசையில் போவது தெரியும்.

மராத்தியில் அந்தச் சொல் 'தர்மநிரபேக்ஷ'. தர்மத்தைச் சாராதது என்று பொருள். இந்தியின் அதிகாரபூர்வ வாசகம் தர்மத்தைத் தொடவில்லை, 'பந்த்நிரபேக்ஷ' என்கிறது. பந்த் என்றால் வழி, மார்க்கம். குஜராத்தி 'பின்சாம்ப்ரதாயிக்', சம்பிரதாயம் சாராதது. மலையாளம் 'மதேதர', மதத்துக்கு இதரமானது. கன்னடம் 'ஜாத்யதீத' என்று சாதியைக் கடக்கச் சொல்கிறது. தமிழில் மதச்சார்பற்ற என்றும் சமயச்சார்பற்ற என்றும் எழுதுகிறோம். மூலை வீட்டுத் தெலுங்கில் மட்டும் வேறு மாதிரியான சொல் இருக்கிறது: 'லௌகிக'. உலகத்தைச் சேர்ந்தது.

எல்லாம் 'செக்குலர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்புகள்தான். தெலுங்கைத் தவிர மற்றவை எல்லாம் அது எது இல்லை என்று சொல்கின்றன. தெலுங்கு ஒன்றுதான் அது என்ன என்று சொல்ல முயல்கிறது. தர்மம், பந்த், சம்பிரதாயம், மதம், சாதி என்று எதை விலக்கினால் செக்குலர் கிடைக்கும் என்பதில்கூட இந்த மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை. விலக்கப்பட வேண்டியது எது என்றே தெளிவாக இல்லாத இடத்தில், மிச்சம் நிற்பது எது என்று கேட்பது நியாயமான கேள்வி. விடையின் ஒரு பகுதி லத்தீனில் இருக்கிறது. இன்னொரு பகுதி, மாட்டுங்காவிலும் முலுண்டிலும் உள்ள தமிழ் வீடுகளில் இன்றும் புழங்குகிற ஒரு பழைய சொல்லில் இருக்கிறது.

லத்தீன் வேர் 'சேக்குலும்'. அதற்கு முதலில் மதத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது காலத்தின் பெயர். இன்னும் சரியாகச் சொன்னால் மனித ஆயுளின் பெயர். வெல்ஷ் மொழியில் ஆயுளைக் குறிக்கும் 'ஹோய்டில்' இதன் தூரத்து உறவு என்று மொழியறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். ரோமானிய அறிஞர் வார்ரோ, முதியவரைக் குறிக்கும் 'செனெக்ஸ்' என்ற சொல்லிலிருந்து இது வந்தது என்று எழுதினார். அந்த வேர்க்கதை சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் முதுமை எய்தி வாழக்கூடிய மிக நீண்ட காலம்தான் சேக்குலும் என்று ரோமானியர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதைவிட அழகான கணக்கு ஒன்று ரோமானியர்களின் அண்டை மக்களான எட்ருஸ்கர்களிடம் இருந்தது. கி.பி. 238இல் சென்சொரினுஸ் என்பவர் பிறந்தநாள் பற்றி எழுதிய சிறு நூலில் அதை விளக்குகிறார். ஓர் ஊர் நிறுவப்பட்ட அன்றைக்குப் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் எல்லாரையும்விட அதிக நாள் வாழ்ந்தவர் எப்போது கண்மூடுகிறாரோ, அப்போது அந்த ஊரின் முதல் சேக்குலும் முடிகிறது. அன்றைக்கு அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களில் கடைசி ஆள் போகும்போது இரண்டாவது முடிகிறது. இப்படியே போகும். எண்ணால் அளக்கிற கணக்கு இல்லை இது. ஆளால் அளக்கிற கணக்கு. ஒரே காலத்தில் சேர்ந்து மூச்சுவிட்டவர்கள் எல்லாரும் ஒரு சேக்குலும். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்பது கணக்கில் வராது.

எண்பது தாண்டியவருக்குச் சதாபிஷேகம் செய்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்லும்போது அங்கேயும் ஒரு மனிதரின் கண்தான் காலத்துக்கு அளவுகோல்.

ரோமானியர்கள் இதை அரசு விழாவாக ஆக்கினார்கள். கி.மு. 17இல் அகஸ்டஸ் 'சேக்குலர் விளையாட்டுகள்' நடத்தினார். ஒரு சேக்குலும் 110 ஆண்டு என்று கணக்கிடப்பட்டது. கவிஞர் ஹொராஸ் எழுதிய பாடலை 27 சிறுவர்களும் 27 சிறுமிகளும் பாடினார்கள். உயிரோடிருக்கும் எவரும் முன்பு பார்த்ததும் இல்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை என்று அறிவித்து அழைப்பது மரபு. கி.பி. 47இல் கிளாடியஸ் வேறு கணக்குப் போட்டு அதே விழாவை மறுபடி நடத்தியபோதும் அதே அறிவிப்பைச் செய்தார்கள். முந்தைய விழாவைப் பார்த்த கிழவர்கள் கூட்டத்தில் இருந்ததால் ஜனங்கள் சிரித்தார்கள் என்று சுவெடோனியஸ் எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பலியும் வேண்டுதலும் நிறைந்த முழு மதச் சடங்கு அது. அதன் பெயர்தான் 'செக்குலர்'.

காலத்தின் பெயராக இருந்தது உலகத்தின் பெயராக மாறியது கிறிஸ்தவத்தின் வழியாக. எபிரேயத்தில் 'ஓலாம்', கிரேக்கத்தில் 'அயோன்' இரண்டுக்கும் நீண்ட காலம், உலகம் என்ற இரு பொருளும் உண்டு. விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள் அயோனுக்குச் சேக்குலும் என்று போட்டார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில், இந்த உலகத்தின் போக்கில் போகாதீர்கள் என்று சொல்லும் இடத்தில் லத்தீனில் இருப்பது சேக்குலும்தான். புழக்கத்தில் இருக்கும் பழைய தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் 'பிரபஞ்சம்' என்று இருக்கிறது. ஜெப முடிவில் வரும் 'சேக்குலா சேக்குலோரும்' என்ற தொடரோ காலப் பொருளிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால், 1960கள் வரை, லத்தீன் பூசை கண்ட தமிழ்க் கத்தோலிக்கர்களின் காதில் அந்த ஒலி விழுந்துகொண்டே இருந்தது. இன்று தாராவியில் தமிழ்ப் பூசை காண்கிறவர்கள் அந்த இடத்தில் 'என்றென்றும்' என்கிறார்கள். நித்தியத்துக்கும் அதே சொல், நிலையில்லாத உலகத்துக்கும் அதே சொல். இது ஒன்றும் குழப்பம் இல்லை. தமிழிலும் ஊழி என்பது காலம். ஊழ் என்பது அந்தக் காலம் நமக்கு வைத்திருப்பது.

இந்தச் சொல்லை ஆழமாக யோசித்தவர் அகஸ்டின். கி.பி. 413 தொடங்கி 426 வரை எழுதிய 'கடவுளின் நகரம்' நூலில் இரண்டு நகரங்களைப் பற்றிச் சொல்கிறார்: கடவுளை நேசிப்பவர்களுடையது ஒன்று, தன்னையே நேசிப்பவர்களுடையது மற்றொன்று. இந்த உலக வாழ்வில் அவை பின்னிக் கலந்து கிடக்கின்றன. யார் எந்த நகரத்தார் என்று இப்போது பிரித்துவிட முடியாது. பிரிக்கும் வேலை மனிதர்களுடையதும் இல்லை. அப்படிக் கலந்து வாழ்கிற இடைக்காலம்தான் சேக்குலும். அகஸ்டின் இன்றைய பொருளில் செக்குலர்வாதி இல்லை. மாற்றுக் கருத்துக் கொண்ட கிறிஸ்தவர்களை அரசைக் கொண்டு அடக்கலாம் என்று பிற்காலத்தில் வாதாடியவர் அவர். ஆனாலும் ஓர் இடத்தில் யாரையும் தரம் பிரித்து வெளியே தள்ளாமல் சேர்ந்து வாழ வேண்டிய காலம் என்ற எண்ணத்தை இந்தச் சொல்லுக்குள் வைத்துவிட்டுப் போனவரும் அவரே.

அதற்குப் பிறகு திருச்சபை இந்தச் சொல்லைத் தன் ஆட்களை வகைப்படுத்தப் பயன்படுத்தியது. மடத்துக்குள் போய் விதிப்படி வாழ்கிற துறவிகள் 'ரிலிஜியஸ்'. ஊருக்குள் இருந்து ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் நடத்தி, சாவுக்குப் போகிற பங்குக் குருக்கள் 'செக்குலர்'. அதாவது செக்குலர் சாமியார் என்று ஒருவர் இருந்தார். இன்றும் இருக்கிறார், தமிழில் மறைமாவட்டக் குரு என்கிறோம். இரண்டு பேரும் குருக்கள்தான், இரண்டும் இறைப்பணிதான். வள்ளுவர் இல்லறத்தையும் துறவறத்தையும் அறத்துப்பாலுக்குள்ளேயே அடுத்தடுத்து வைத்த முறை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பொருளில் அந்தச் சொல் முலுண்ட் இருக்கும் மண்ணுக்கே வந்தது. இன்று ரயிலில் கடந்துபோகிற இந்த நிலப்பரப்பு சாஷ்டி தீவு. போர்ச்சுக்கீசியர் வாயில் சால்செட். 1534 டிசம்பரில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசையையும் சுற்றியிருந்த தீவுகளையும் போர்ச்சுக்கீசியருக்கு எழுதிக் கொடுத்தார். பிரான்சிஸ்கன், இயேசு சபைத் துறவிகள் வந்து இறங்கினார்கள். 1739இல் மராத்தியர்கள் வசையைப் பிடித்ததும் ஐரோப்பியத் துறவு சபைகள் கிளம்பிப் போயின. இங்கிருந்த மாதா கோயில்களில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் இந்தக் கடற்கரையிலேயே பிறந்த செக்குலர் குருக்கள்.

அதே போர்ச்சுக்கீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருந்தது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மை ஆகாது. கோவாவில் 1560இல் அமைந்த மத விசாரணை மன்றம், நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, 1812 வரை இருந்தது. திருச்சபை தன் கையால் இரத்தம் சிந்தக் கூடாது என்பது விதி. அதனால் சாவுக்குரியவர் என்று தீர்மானித்தவரை அந்த மன்றம் 'செக்குலர் கரத்திடம்' ஒப்படைத்தது. 'பிராசு செக்குலார்' என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு நடைமுறையில் பொருள் தீ. பம்பாய்த் தீவைக் குத்தகைக்கு வைத்திருந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் இந்திய மூலிகைகளைப் பற்றிக் கோவாவில் நூல் அச்சிட்டவர், யூத வம்சத்தவர். அவர் 1568இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய தங்கை கத்தரீனா உயிரோடு எரிக்கப்பட்டார். 1580இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். தீர்ப்பு மதத்துடையது, நெருப்பு மட்டும் செக்குலர். மதத்தையும் உலகத்தையும் பெயரளவில் பிரித்துவிட்டால் மனிதருக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் மும்பையின் இந்த முன்னாள் குத்தகைதாரரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய ஐரோப்பிய மொழிகளில் இந்த வேரின் கிளைகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. பிரெஞ்சில் 'சியெக்ல்', ஸ்பானியத்தில் 'சிக்லோ', இத்தாலியில் 'செக்கொலோ', போர்ச்சுக்கீசியத்தில் 'செக்குலு'. எல்லாவற்றுக்கும் இன்று நூற்றாண்டு என்பதுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் உரிச்சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்: நூறு ஆண்டு பழையதென்றால் 'செக்குலேர்', மடத்துக்கு வெளியே இருப்பதென்றால் 'செக்குலியே'. போர்ச்சுக்கீசியத்தில் ஒரே சொல்தான்; கோயில் வாசலில் நிற்கும் பழைய ஆலமரத்தை அவர்கள் 'செக்குலர்' மரம் என்பார்கள், தலைமுறை தலைமுறையாக வரும் தேர்த்திருவிழாவைச் 'செக்குலர்' மரபு என்பார்கள். ஸ்பானியத்தில் சாமியார் அல்லாத சாதாரண விசுவாசிக்கு 'செக்லார்' என்று பெயர். ஜெர்மனியில் 1803இல் மடங்களின் நிலங்களை அரசர்கள் எடுத்துக்கொண்டதற்குச் 'சேக்குலரிசாத்சியோன்' என்று பெயர். அங்கே அது நிலப் பத்திரத்தின் சொல்.

அரசையும் திருச்சபையையும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்த பிரான்ஸ், தன் குடியரசுக்குச் 'செக்குலியே' என்று பெயர் வைக்கவில்லை. 'லாயிக்' என்ற சொல்லைத் தேர்ந்தது. அது ஜனங்களைக் குறிக்கும் கிரேக்க 'லாவோஸ்' வழி வந்தது. ஆங்கிலத்திலும் பழைய காலப் பொருள் சாகவில்லை. வானியலில் மிக மெதுவாக நடக்கும் மாற்றத்துக்குச் செக்குலர் மாற்றம் என்று பெயர். முலுண்டிலிருந்து தினமும் கோட்டைக்குப் போய்ப் பங்குச்சந்தையில் வேலை பார்ப்பவர் 'செக்குலர் புல் மார்க்கெட்' என்று சொன்னால், மதம் சாராத காளை என்று அர்த்தம் இல்லை. பல ஆண்டுகள் நீடிக்கும் ஏற்றம் என்று அர்த்தம்.

மதத்துக்கு எதிர்ப்பக்கம் என்ற இன்றைய பொருளுக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. 1842இல் தெய்வநிந்தனைக்காக ஆறு மாதம் சிறையில் இருந்த ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர் 1851இல் 'செக்குலரிசம்' என்ற சொல்லை உருவாக்கினார். நாத்திகம் என்ற சொல் அவருக்குப் போதவில்லை. கடவுள் இல்லை என்று சொல்வதில் அல்ல, இந்த உலகில் இந்த ஆயுளில் செய்ய வேண்டியதைச் செய்வதில் அவர் அழுத்தம் வைத்தார். பழைய சேக்குலும் அந்தச் சொல்லுக்குள் அப்போதும் உயிரோடு இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டில் அது சென்னைக்கு வந்துவிட்டது. அங்கே சுயசிந்தனையாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, ஆங்கிலத்தில் 'தி திங்க்கர்', தமிழில் 'தத்துவ விவேசினி' என்று இதழ்கள் நடத்தினார்கள். தமிழ் இதழ் 1882 முதல் 1888 வரை வந்தது. செக்குலர் என்ற சொல்லுக்கு அவர்கள் செய்த பெயர்ப்பு 'இலௌகிகம்'. சங்கத்தின் பெயர் சென்னை இலௌகிக சங்கம். 'மதச்சார்பற்ற' என்று எதிர்மறையில் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உலகத்தின் பக்கம் நிற்கிறோம் என்று நேராகவே சொன்னார்கள். இன்று தெலுங்கர்கள் சொல்வதை அன்று தமிழர்கள் சொன்னார்கள்.

அந்தச் சொல்லை அவர்கள் எங்கேயும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள பிராமண வீடுகளில் இன்றும் கேட்கலாம்: "அவா ஆத்துல எல்லாரும் வைதீகம். நாங்க லௌகீகம்." புரோகிதம் செய்கிறவர்கள் வைதீகர்கள், ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள் லௌகீகர்கள். கல்யாணத்தில் ஹோமமும் மந்திரமும் வைதீகம். சீர், உபசாரம், மரியாதை, யார் யாரை முதலில் வரவேற்பது என்பதெல்லாம் லௌகீகம். "லௌகீகம் எல்லாம் பேசி முடிச்சாச்சா?" என்று ஒரு மாமி கேட்டால், சாமி இல்லாத கல்யாணமா என்று யாரும் பதறுவதில்லை. வைதீகர், லௌகீகர் என்ற இந்தப் பிரிவு ஐரோப்பாவின் ரிலிஜியஸ், செக்குலர் குருக்கள் பிரிவை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது வியப்பான விஷயம். லோகத்திலிருந்து லௌகீகம், சேக்குலும் என்ற உலகத்திலிருந்து செக்குலர். இரண்டிலும் ஒரு பக்கம் மற்றதை மறுப்பதில்லை.

ஆனால் இந்தச் சொல்லைச் சும்மா கொண்டாடிவிட முடியாது. லௌகீகம் என்று சொல்லும் குரலில் பல சமயம் ஒரு படி கீழே இறங்கும் தொனி இருக்கிறது, 'வெறும்' லௌகீகம் என்பது போல. அதைவிடப் பெரிய விஷயம், வைதீகத்தின் கதவு எல்லாருக்கும் திறந்ததாக இருக்கவில்லை. பெரும்பாலான தமிழர்களுக்கு லௌகீகம் ஒரு தேர்வு அல்ல, விடப்பட்ட இடம். சென்னை இலௌகிக சங்கத்தார் அந்த இடத்தையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். கீழே என்று ஒதுக்கப்பட்ட பக்கத்தைக் கொடியாகப் பிடிப்பது சின்னக் காரியம் இல்லை.

எது வைதீகம், எது உலக வழக்கம் என்று தமிழர் வாழ்க்கையை வகுந்து பார்க்கிற வேலையும் புதிதல்ல. மதுரைக்கு 1606இல் வந்து சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனப் பொட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவை குலத்தின், மரியாதையின் அடையாளங்கள், தெய்வ வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். கூடவே இருந்த சில பாதிரிமார் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு ரோமுக்குப் போனது. பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று நிபந்தனைகளோடு நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். மதுரைக்காரரின் குடுமி சமயமா சமூகமா என்று லத்தீனில் முடிவானது. பூணூல் போட்டிருந்தவரைக் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

குடியரசு வந்தபோது அதே கத்தி நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1948 நவம்பர் 15 அன்று, அரசியல் நிர்ணய சபையில் பம்பாய்ப் பொருளாதார அறிஞர் கே.டி. ஷா, சாசனத்தின் முதல் விதியிலேயே செக்குலர் என்ற சொல்லைச் சேர்க்கக் கோரினார், அம்பேத்கர் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று அம்பேத்கர் பேசியது இன்னும் முக்கியமானது: இந்த நாட்டில் மதம் பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது, அப்படியே விட்டால் சட்டசபைக்கு வேலையே இருக்காது, மதத்தின் சாரமானதை மட்டும் மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சுருக்கம். முகப்புரைக்குள் அந்தச் சொல் 42ஆம் திருத்தத்தோடு 1977 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் 1950 முதலே சாசனத்தின் இன்னொரு மூலையில் அது உட்கார்ந்திருந்தது. 25ஆம் பிரிவில், மத நடைமுறையோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல் 'அல்லது மற்ற செக்குலர்' காரியங்களை அரசு முறைப்படுத்தலாம் என்ற இடத்தில்.

இங்கே கவனிக்க ஒரு நுட்பம் உண்டு. சாசனத்தின் இந்தி வாசகத்தில் முகப்புரையின் செக்குலர் 'பந்த்நிரபேக்ஷ' ஆகிறது. 25ஆம் பிரிவின் செக்குலர் 'லௌகிக' ஆகிறது. ஒரே புத்தகம், ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு பெயர்ப்பு. அரசு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல எதிர்மறை தேவைப்பட்டது. கோயிலுக்குள் நடக்கும் காரியத்தைச் சொல்ல உலகம் தேவைப்பட்டது.

1954 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை மாநிலத்துச் சிரூர் மடம் வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு நாள் கழித்து, பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்துச் சமணக் கோயில் அறங்காவலர் ஒருவரும் பார்சி பஞ்சாயத்தாரும் தொடுத்த வழக்கில் இன்னொரு தீர்ப்பு. இரண்டையும் எழுதியவர் நீதிபதி பி.கே. முகர்ஜி. நம்பிக்கை மட்டும் மதம் இல்லை, சாமிக்கு எந்த வேளையில் என்ன நைவேத்தியம் என்பதும் மதம்தான் என்றார். அந்த நைவேத்தியத்துக்கு எவ்வளவு செலவு என்பது சொத்து நிர்வாகம். சட்டத்தின்படி செக்குலர் அதிகாரிகள் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொன்னார். உச்சிக்காலத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் என்பது மதம். எத்தனை கிலோ அரிசி என்பது செக்குலர். ஒரே பானைக்குள் கோடு போட்டாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கோடு இன்னும் உள்ளே போனது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், 1972 மார்ச்சில், அர்ச்சகரை நியமிப்பது செக்குலர் காரியம் என்றது உச்ச நீதிமன்றம். நியமிக்கப்பட்டவர் கருவறைக்குள் போய்ச் செய்வது மதம். அதற்கு ஆகமம் சொல்லும் தகுதி வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு மனிதர் கருவறை வாசற்படிவரை லௌகீகம், தாண்டினால் வைதீகம். எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாமா என்ற ஐம்பது ஆண்டுப் போராட்டம் அந்த வாசற்படியில்தான் நடந்தது. விடப்பட்ட இடமாக இருந்த லௌகீகம், சட்டத்தின் மொழியில் ஒரு நுழைவாயில் ஆனது. இதை 'மதச்சார்பற்ற நியமனம்' என்று தமிழில் எழுதினால் அர்த்தமே கெட்டுப்போகும். கோயிலில் அர்ச்சகரை வைப்பது மதம் சாராத காரியமாக எப்படி ஆகும்? உலகத்தோடு ஒட்டிய பக்கம், லௌகீகப் பக்கம் என்றால் உடனே புரிகிறது. நாற்பது ஆண்டாக அரசியல் மேடைகளில் தேய்ந்துபோன 'மதச்சார்பின்மை' என்ற சொல்லால் செய்ய முடியாத வேலை இது. நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் கைவிட்ட சொல்லைத் தமிழ் திரும்ப எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

முலுண்டிலும் இந்தக் கோடு தினசரி வேலைதான். மும்பையில் தமிழர்கள் கட்டிய பெரிய கோயிலானாலும் சின்னப் பிள்ளையார் கோயிலானாலும் அறக்கட்டளையாகப் பதிவு செய்தாக வேண்டும். பதிவெண் பெயர்ப்பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் இருக்கும். காலையில் அபிஷேகத்துக்குப் பால் வாங்கி வருகிற அதே காரியதரிசிதான் மாலையில் அந்தப் பால் கணக்கையும் எழுதுகிறார். வருடக் கணக்குத் தணிக்கை ஆகி வொர்லியில் உள்ள அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறது. அந்த அலுவலகம் இருப்பது டாக்டர் அன்னி பெசன்ட் சாலையில். லண்டனில் தேசியச் செக்குலர் சங்கத்தின் முன்வரிசையில் நின்று மேடை மேடையாகப் பேசி, பிறகு பிரம்மஞானத்துக்குத் திரும்பி, 1893இல் இந்தியா வந்து அடையாற்றில் வாழ்ந்து முடித்த பெண்மணி அவர். செக்குலர் என்ற சொல்லின் இரு கரையிலும் நடந்தவர் பெயரில் உள்ள தெருவில், சாமியின் பால் கணக்கு வரவு வைக்கப்படுகிறது.

எட்ருஸ்கர் கணக்கை இந்தக் குடியரசுக்குப் போட்டுப் பார்க்கலாம். 1950 ஜனவரி 26 அன்று இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளில் பலர் இன்றும் இருக்கிறார்கள்; கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்களும், எங்கும் போகாதவர்களும். அவர்களில் கடைசி ஆள் இருக்கும்வரை குடியரசின் முதல் சேக்குலும் நடந்துகொண்டிருக்கிறது. முலுண்டில் ஒரு மாடி வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர் ஆயிரம் பிறை காண்பது 2030 டிசம்பர் வாக்கில். சதாபிஷேகத்துக்கு எதிர் வீட்டு குஜராத்திக்காரர்களும் மூலை வீட்டுத் தெலுங்குக்காரர்களும் வருவார்கள். அவர்களை யார் வரவேற்பது என்ற லௌகீகத்தை வீட்டார் அதற்கு முன்பே பேசி வைத்திருப்பார்கள்.